பெருந்தொற்றில் சிறுதொழிலுக்குக் கிடைத்த உதவிகள்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது?

#1 அச்சுமை

2020 ஜூனில் வாங்கிய கடனுக்குக் கடைசித் தவணையைப் போன வாரம்தான் கட்டி முடித்தேன். நிலுவை இல்லை என்று வங்கி கொடுத்த கடிதத்தைக் கையில் வாங்கியதும் பெரிய நிம்மதி. கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கடனை நான் வாங்கியிருக்கவே வேண்டுமா?

எனக்குச் சிறிய அச்சகம். ஒரு ஆப்செட் இயந்திரம், வேலைக்கு இரண்டு பேர், நான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் கையிலிருந்த ஆர்டர்கள் அத்தனையும் நின்றன. நடக்காத விழாவுக்கு யார் அழைப்பிதழ் அடிப்பார்கள்?

இயந்திரத்தை அப்படியே விட்டால் உருளைகளில் மை காய்ந்து ரப்பர் இறுகிவிடும். அதனால் வாரம் இரண்டு நாள் நான் மட்டும் போவேன். காகிதம் ஏற்றாமல் அரை மணி நேரம் ஓட்டுவேன். பிறகு உருளைகளைக் கழுவித் துடைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வருவேன். வெற்று இயந்திரம் ஓடும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், அச்சகக்காரர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கையில் மனதுக்குள் செலவுக் கணக்கு ஓடும். வாடகை, இரண்டு சம்பளம், இயந்திரத் தவணை, காகிதம் கொடுத்தவருக்குப் பாக்கி. வரவுப் பக்கம் காலி.

அப்போது பழைய கடனின் தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்தேன். அரசு உத்தரவாதத்தோடு வந்த புதுக்கடனையும் வாங்கினேன். யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. "எல்லாரும் எடுக்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆலோசனை. இன்னொரு முறை இப்படி ஒன்று வந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வருடத்தைத் தாண்டி வந்தவர்கள், தாண்ட முடியாமல் போனவர்கள், இரு தரப்பும் எழுதுங்கள்.

#2 வங்கிப்பணி ஓய்வு

தம்பி, முதலில் வாழ்த்து. அந்தக் காலத்தில் வாங்கிய கடனை முழுசாக அடைத்தவர்கள் குறைவு.

தவணைத் தள்ளிவைப்பை மட்டும் இப்போது சொல்கிறேன். மாரட்டோரியம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் ஆறு மாதத் தவணை தள்ளுபடி என்றே நினைத்தார்கள். கவுன்டருக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கு வயிற்றைப் பிசையும்.

கணக்கைப் பாருங்கள். நிலுவை 10,00,000. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். இன்னும் 60 மாதம் பாக்கி. மாதத் தவணை ஏறத்தாழ 22,244 வரும். ஆறு மாதம் கட்டாமல் விட்டால், மாதம் 1 சதவீதம் வட்டி அசலோடு சேர்ந்து நிலுவை 10,61,520 ஆகும். அதற்குப் பிறகு அதே தவணையைக் கட்டிக்கொண்டு போனால் 60-க்குப் பதில் 65 முழுத் தவணையும், 66-ஆவதாக ஒரு சிறு துண்டும் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் கூடுதலாகப் போவது சுமார் 1,15,000. ஆறு மாத மூச்சுக்குக் கொடுத்த விலை அது.

அது அநியாய விலை என்று நான் சொல்லவில்லை. கையில் காசே இல்லாதவனுக்கு அந்த ஆறு மாதம் உயிர். ஆனால் வருமானம் வந்துகொண்டிருந்தும், சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தவர்கள் அந்த ஒரு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். பாதித் தவணையாவது கட்ட முடிந்தவர்கள் கட்டியிருக்க வேண்டும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாதம் கொடுத்தது, மே மாதம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அந்தக் காலத்து வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பில் வட்டிக்கு வட்டி கூடாது, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு அல்லது வரவு வை என்றார்கள். அதே தீர்ப்பில் வட்டியை முழுசாகத் தள்ளுபடி செய்ய மறுத்தார்கள். மேலே நான் போட்ட கணக்கு வட்டிக்கு வட்டி சேர்ந்தது. தனி வட்டி என்றால் நிலுவை 10,60,000. வித்தியாசம் 1,520 தான். தலைப்புச் செய்தியில் வந்த சலுகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இவ்வளவு தூரம்.

மலேசியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் தள்ளிவைப்புத் தானாகவே வந்தது. வேண்டாம் என்றவர்கள்தான் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கத் தயங்குகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. கேட்காமலேயே வட்டி ஏறுவதும் அதில்தான் இருந்தது.

#3 கத்தரி

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஐயா சொன்ன கணக்கு புரிந்தது. அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாக அடிபட்டுத்தான் கற்றேன்.

மூடியிருந்த மூன்று மாதத்தில் வெட்டாத முடியை, நாலாவது மாதம் வந்து யாரும் மூன்று தடவை வெட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரே தடவைதான். அந்த மூன்று மாத வருமானம் போனது போனதுதான். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அப்படி இல்லை. தைக்கக் கொடுத்த துணி அவர் அலமாரியில்தான் இருந்தது. கடை திறந்ததும் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டார். அவருக்கு வருமானம் தள்ளிப்போனது. எனக்கு வருமானம் காணாமல் போனது.

தள்ளிப்போன வருமானத்துக்குக் கடன் சரி. பின்னால் பணம் வரும், அடைக்கலாம். காணாமல் போன வருமானத்தைக் கடனால் நிரப்பினால், அதே அளவு வருமானத்தில் பழைய செலவையும் பார்த்துப் புதுத் தவணையையும் கட்ட வேண்டும். எப்படி முடியும்? எனக்கு இரண்டு வருடம் முடியவில்லை. என் மாதிரித் தொழிலுக்கு வேண்டியது திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி. சம்பள மானியம், வாடகைக் குறைப்பு, நேரடி உதவித்தொகை, இந்த மூன்றுதான்.

அச்சுமை அண்ணா, உங்கள் தொழில் இரண்டும் கலந்தது என்று நினைக்கிறேன். அழைப்பிதழ் போனது போனதுதான். பில் புத்தகம், லேபிள் எல்லாம் தள்ளிப்போனதுதானே?

#4 ஐந்தொகை

கத்தரி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், இவ்வளவு நேராக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி பல நாடுகளில் இருந்தது. ஜெர்மனியில் குர்ட்ஸ்ஆர்பைட் என்ற குறைவேலை ஏற்பாடு பழையது, 2008 நெருக்கடியிலும் பயன்பட்டது. வேலை நேரம் குறைந்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தையும், பிள்ளை உள்ளவருக்கு 67 சதவீதத்தையும் அரசு தரும். ஆளை வேலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்பு. 2021 செப்டம்பர் கடைசியில்தான் அது முழுதும் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் ஜாப்கீப்பர் என்ற சம்பள மானியம், ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர். சிறு நிறுவனமானால் விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை வரவு, 30 சதவீதம் விழுந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் சம்பளத்தின் முதல் 4,600 டாலருக்குக் குறிப்பிட்ட பங்கு அரசு கொடுத்தது. எல்லாம் அடைத்துக் கிடந்த ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பங்கு 75 சதவீதம்.

இனி நான் பார்த்து வருத்தப்பட்ட விஷயம். இந்த உதவிகள் எல்லாம் காகிதத்தைப் பார்த்து வருபவை. ஆளைப் பார்த்து வருபவை அல்ல. சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் எழுதாமல் விட்டவரிடம் சம்பள மானியத்துக்கு ஆதாரம் கிடையாது. கனடாவில் தொழில்களுக்கு 40,000 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் தொழில் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். சொந்தக் கணக்கிலேயே வரவு செலவு வைத்திருந்த சின்ன ஆட்கள் பல மாதம் வெளியே நின்றார்கள். அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடன் திட்டத்தில், தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கு எவ்வளவு கடன் என்பதை முதலில் வரிக் கணக்கில் காட்டிய நிகர லாபத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். லாபம் குறைவாக இருந்தவருக்குக் கடனும் சுண்டைக்காய் அளவு. 2021 மார்ச்சில்தான் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று மாற்றினார்கள்.

இந்தியாவில் 2020 மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடன். அப்படியென்றால் அன்று கடனே இல்லாமல் கைக்காசில் தொழில் நடத்தியவருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. கடன் வாங்காமல் கட்டுப்பாடாக இருந்த என் வாடிக்கையாளர் ஒருவர், "நான் என்னம்மா தப்பு செய்தேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

#5 புதுக்கடை

நான் 2023-ல் தொடங்கியவன், அதனால் இந்த அடி படவில்லை. ஒரு சந்தேகம். அரசு 100 சதவீதம் உத்தரவாதம் தருகிறது என்றால், தொழில் விழுந்துவிட்டால் அரசு கட்டிவிடும்தானே? அப்புறம் கடன் வாங்க ஏன் பயப்பட வேண்டும்?

#6 வங்கிப்பணி ஓய்வு

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

உத்தரவாதம் வங்கிக்கு. உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டத் தவறினால் வங்கிக்கு நஷ்டம் வராமல் அரசு பார்த்துக்கொள்ளும். உங்கள் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும். வங்கி துணிந்து கடன் கொடுப்பதற்காக ஏற்படுத்திய ஏற்பாடு அது.

பிரிட்டனில் 2020 மே 4 முதல் பவுன்ஸ் பேக் லோன் கொடுத்தார்கள். 2,000 முதல் 50,000 பவுண்டு வரை, விற்றுமுதலில் கால்பங்குக்கு மேல் போகாமல். வட்டி 2.5 சதவீதம், முதல் வருட வட்டியை அரசே கட்டியது. வங்கிக்கு முழு உத்தரவாதம். சொந்த ஜாமீன் கேட்கக் கூடாது, குடியிருக்கும் வீட்டில் கை வைக்கக் கூடாது என்று விதி. ஆறு வருடத் தவணையைப் பிறகு பத்து வருடம் வரை நீட்டிக்கொள்ளவும் வழிசெய்தார்கள். நான் பார்த்த உத்தரவாதக் கடன்களில் கடன்காரருக்கு இவ்வளவு அணுக்கமானது இல்லை. அதிலும்கூடக் கடனுக்கு முழுப்பொறுப்பு வாங்கியவர்தான்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் தேட வேண்டிய சொல் 'சொந்த ஜாமீன்'. தாளைப் புரட்டி அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொழில் போனாலும் கடன் வீடுவரை வரும். மூன்று நிமிட வேலை. என் பணிக்காலத்தில் கையெழுத்துக்கு முன்னால் அதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

#7 மூடியவன்

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தாண்ட முடியாமல் போனவர்களும் எழுதுங்கள் என்று அச்சுமை கேட்டதால் எழுதுகிறேன்.

நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று சொன்ன நாளில் என் தொழில் முடிந்துவிட்டது. எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் சரியாகும் என்று நினைத்தேன். முதலில் தவணையைத் தள்ளினேன். பிறகு உத்தரவாதக் கடன். அது ஐந்து மாதத்தில் தீர்ந்தது. பிறகு நகை. பிறகு தெரிந்தவர்களிடம் கைமாற்று. கடைசியில் நாள் வட்டி. ஒவ்வொரு தடவையும் "இதோ அடுத்த மாதம் திறந்துவிடுவார்கள்" என்றுதான் வாங்கினேன். திறந்தார்கள். இரண்டாவது அலை வந்து மறுபடி அடைத்தார்கள்.

2021 கடைசியில் நாற்காலிகளை விற்றேன். கிடங்கில் இரண்டு வருடமாக அடுக்கி வைத்ததில், அடியில் இருந்தவை எல்லாம் கால் வளைந்துபோயிருந்தன. வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடியதை எல்லாம் தனியே ஒதுக்கினார். ஒதுக்கியதுதான் அதிகம். 2020 ஏப்ரலில் விற்றிருந்தால் அத்தனையும் நல்ல நாற்காலி.

நான் சொல்ல வந்தது இதுதான். மூடுவதும் ஒரு வழி. அதை உதவிகளின் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. முதல் மாதமே மூடியிருந்தால் எனக்குக் கடன் இருந்திருக்காது, சரக்குக்கு விலை கிடைத்திருக்கும், ஆறு பேருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்து அனுப்பியிருப்பேன். கடைசியில் அவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துத்தான் அனுப்பினேன். அதை இப்போது கூலி வேலை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேருக்குக் கொடுத்து முடித்தாயிற்று.

#8 ஐந்தொகை

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. மீதி இரண்டு பேருக்கும் கொடுத்து முடிக்கும் நாள் வர வேண்டும்.

தற்காலிகமாக மூடுவது, முழுசாக மூடுவது இரண்டையும் தொடக்கத்திலேயே பரிசீலிக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். வாடிக்கையாளர் யாராவது கடன் விண்ணப்பத்தோடு வந்தால் நான் முதலில் ஒரு தாளைக் கொடுத்து, "இன்று ஒரு பைசா வரவு இல்லாவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?" என்று போடச் சொல்வேன். கையிருப்பை ஒரு நாள் செலவால் வகுத்தால் வருகிற எண். அமெரிக்காவில் ஜே.பி. மார்கன் சேஸ் ஆய்வு நிறுவனம் 2016-ல் சுமார் 6 லட்சம் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளை வைத்து இதைப் பார்த்தது. நடுவில் நிற்கும் சிறுதொழிலுக்கு 27 நாள். பெருந்தொற்றுக்கு நான்கு வருடம் முன்னால், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே 27 நாள்!

அந்த எண் கையில் இருந்தால், எந்த உதவி நேரத்துக்கு வரும் என்று பார்க்கலாம். 20 நாள்தான் தாங்கும் என்றால் 60 நாளில் கிடைக்கும் மானியம் உங்களுக்குப் பயன்படாது. முதலில் வெளியே போகிற பணத்தை நிறுத்த வேண்டும். தவணை, வாடகை, வரி என்று எதை எதைத் தள்ள முடியுமோ அது. தள்ளிவைப்பு அப்படி இடைவெளியைக் கடக்கப் போடும் பலகை. அதன் மேலேயே குடியிருக்கக் கூடாது.

முந்தினவருக்கு முதல் என்ற முறையில் கொடுக்கும் திட்டமா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடன் திட்டத்துக்கு முதலில் 34,900 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020 ஏப்ரல் 3 அன்று தொடங்கி ஏப்ரல் 16-க்குள் தீர்ந்தது. ஆள் வைக்காத தனித்தொழிலாளர்களுக்கு விண்ணப்பம் திறந்ததே ஏப்ரல் 10-ல். வங்கியில் நல்ல தொடர்பு வைத்திருந்த பெரிய கைகள் முன்வரிசையில் நின்றன. சின்னவர்கள் வரிசையில் சேரும்போது கல்லா காலி. மறுபடி நிதி ஒதுக்கிய பிறகுதான் பலருக்குக் கிடைத்தது. பெரும்பங்கைச் சம்பளத்துக்குச் செலவழித்தால் கடன் முழுசாகத் தள்ளுபடி என்பது நல்ல விதி. ஆனால் டேவிட் ஆட்டரும் சக பொருளியலாளர்களும் 2022-ல் கணக்கிட்டபோது, இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மொத்தப் பணத்தில் 23 முதல் 34 சதவீதம்தான் என்று வந்தது.

#9 ஊசிநூல்

கத்தரி தம்பி குறிப்பிட்ட தையல்கடை அக்கா நான்தான். அவன் சொல்லித்தான் இங்கே வந்தேன்.

ஒன்று திருத்த வேண்டும், தம்பி. தள்ளிப்போன வருமானம் முழுசாகத் திரும்பி வரவில்லை. அலமாரியில் இருந்த துணியில் சிலது ஒரு குறிப்பிட்ட நாளுக்கென்று தைக்கக் கொடுத்தது. நாள் போய்விட்டது, வந்து வாங்கவே இல்லை. பிள்ளைகள் துணியை அளவெடுத்து வைத்திருந்தேன். திறந்தபோது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வெட்டிய துணியை மறுபடி பிரித்துத் தைத்தேன், அதற்கு யாரிடம் கூலி கேட்பது? எனக்கு நூற்றுக்கு எழுபது வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் எடுப்பவர்கள் "எல்லாம் பின்னால் வரும்" என்று நூற்றுக்கு நூறு போட்டுவிடாதீர்கள்.

வாடகை விஷயத்தைத் தம்பி எழுதட்டும். அவன்தான் எங்கள் வரிசைக் கடைகள் எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தான்.

#10 அச்சுமை

மூடியவன் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வி சின்னதாகத் தெரிகிறது. அக்கா, வாங்க. கத்தரி, அந்த வாடகைக் கடிதத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள். என் கடனில் பாதி வாடகைக்குத்தான் போயிற்று.

இன்னொன்றும் கேட்கிறேன். தீ, வெள்ளத்துக்கு என்று காப்பீடு எடுத்திருந்தேன். அதில் தொழில் தடைப்பட்டால் இழப்பீடு என்று ஒரு பிரிவு இருந்தது. கேட்டேன். கட்டடத்துக்குச் சேதம் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் அப்படித்தானா?

#11 ஐந்தொகை

காப்பீட்டுக்குச் சுருக்கமாக: பெரும்பாலான பாலிசிகளில் அப்படித்தான், பொருளுக்குச் சேதம் ஏற்பட்டு அதனால் தொழில் நின்றால்தான் இழப்பீடு. ஆனால் சில பாலிசிகளில் தொற்றுநோய்க்கும், அரசு உத்தரவால் கடைக்குள் போக முடியாமல் போவதற்கும் தனிப் பிரிவு இருக்கும். பிரிட்டனில் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பே காப்பீட்டு நிறுவனங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2021 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் பாலிசிதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் "கிடையாது" என்று கடிதம் வாங்கியவர்களில் பலருக்குப் பணம் வந்தது. முதல் கடிதத்தோடு விட்டுவிடக் கூடாது, பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

#12 கத்தரி

வாடகைக் கடிதம். எனக்கு நாலு தடவை கிழித்துப் போட்டு எழுதியது.

முதலில் எழுதியது முழுக்கப் புலம்பல். "ரொம்பக் கஷ்டம், பார்த்துச் செய்யுங்கள்" என்று. கட்டட உரிமையாளரும் கஷ்டத்தில்தான் இருந்தார், அவருக்கும் வங்கித் தவணை. அப்போது ஆஸ்திரேலியாவில் 2020 ஏப்ரலில் போட்ட வாடகை நடத்தை விதியைப் பற்றிப் படித்தேன். அதன் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. வாடகைதாரரின் விற்றுமுதல் எத்தனை சதவீதம் விழுந்ததோ அத்தனை சதவீதம் வாடகையில் நிவாரணம். அதில் குறைந்தது பாதி தள்ளுபடி. மீதி தள்ளிவைப்பு, அதையும் குறைந்தது 24 மாதத்தில் பிரித்துக் கட்டலாம். எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் இரண்டு தரப்பும் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை அது. அதையே கடிதமாக எழுதினேன்.

முந்தைய வருடம் அதே மாதம் எவ்வளவு வரவு, இந்த மாதம் எவ்வளவு, வீழ்ச்சி எத்தனை சதவீதம் என்று முதல் பத்தி. வங்கிக் கணக்குத் தாளை இணைத்தேன். இரண்டாவது பத்தியில் நான் கேட்பது என்ன என்று எண்ணோடு எழுதினேன். மூன்றாவதில், ஒப்புக்கொண்டால் இன்னும் இரண்டு வருடம் இதே இடத்தில் இருப்பேன் என்று ஒரு உறுதி. அவருக்கு வேண்டியதும் அதுதான். நான் போனால் அந்த நேரத்தில் புது ஆள் கிடைக்காது.

கேட்டதில் பாதி கொடுத்தார். பாதி என்பது எனக்கு நான்கு மாத உயிர். வாய்மொழியாகச் சொன்னதை அன்று மாலையே இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வாங்காமல் விட்டார். ஒரு வருடம் கழித்துத் தள்ளுபடி என்று சொன்னதைத் தள்ளிவைப்பு என்று கேட்டார்கள். கையில் தாள் இல்லை.

#13 வங்கிப்பணி ஓய்வு

தள்ளுபடி, தள்ளிவைப்பு. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி வாங்கச் சொல்லுங்கள், தம்பி. வங்கியிலும் அப்படியே.

தவணை தவறிய பிறகு வந்து கேட்பவருக்கும், தவறும் முன்பே வந்து கேட்பவருக்கும் வங்கி நடத்துவது வேறு. முன்பே வந்தால் கணக்கு இன்னும் நல்ல கணக்கு. தவணைக் காலத்தை நீட்டலாம், கொஞ்ச நாள் வட்டி மட்டும் கட்டச் சொல்லலாம். மேலாளருக்குக் கை இருக்கிறது. மூன்று மாதம் தவறியபின் வந்தால் அவர் கை கட்டப்பட்டிருக்கும். வெட்கப்பட்டு ஒளிந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். நாற்பது வருடம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், முன்கூட்டி வந்து உண்மை நிலவரத்தைச் சொன்ன எவரையும் நாங்கள் தாழ்வாக நினைத்ததில்லை.

#14 அச்சுமை

நேற்று இரவு பழைய பேரேட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கடன் எதற்கெல்லாம் போனது என்று நாலு வண்ணப் பேனாவால் குறித்தேன். கத்தரி சொன்ன பிரிவினையைத்தான் வைத்துக்கொண்டேன்.

பாதி வாடகை. அது திரும்பி வரவே இல்லை. கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அதில் ஒரு பகுதியாவது கடனாகியிருக்காது. நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கால்பங்கு இரண்டு பேரின் சம்பளம். அதற்கு நான் வருந்தவில்லை. திறந்த அன்றே இருவரும் இயந்திரத்தில் நின்றார்கள், புது ஆளைப் பழக்க வேண்டியிருக்கவில்லை. மீதிக் கால்பங்கு காகிதமும் உருளைகளும். திறந்ததும் மருந்துப் பெட்டிக்கு லேபிள் வேலை வந்தது. கையில் காகிதம் இருந்ததால்தான் எடுக்க முடிந்தது. அந்தப் பணம் எட்டு மாதத்தில் திரும்பிவிட்டது.

ஆகக் கடன் வாங்கியது தப்பில்லை, வாங்கிய அளவு தப்பு. பாதி போதும்.

அடுத்த மாதம் கடை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அரசு உத்தரவால் கடை மூடினால் வாடகை என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்க்கலாமா? எப்படி எழுதுவது?

#15 கத்தரி

சேருங்கள் அண்ணா. நான் என் ஒப்பந்தத்தில் போட்டது இது: "அரசு உத்தரவின் காரணமாக இவ்விடத்தில் தொழில் நடத்த இயலாத நாட்களுக்கு, வாடகையில் பாதி தள்ளுபடி செய்யப்படும். மீதிப் பாதி, தொழில் மீண்டும் தொடங்கிய மாதத்திலிருந்து 12 சம தவணைகளில், வட்டியின்றிச் செலுத்தப்படும்." உரிமையாளர் 'வட்டியின்றி' என்பதில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

#16 மூடியவன்

அதோடு, அப்படி இத்தனை மாதத்துக்கு மேல் நீடித்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு காலி செய்யலாம் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள் தம்பி. எனக்கு அந்த வரி இல்லை. கிடங்கு முன்பணம் வாடகையிலேயே கழிந்துபோயிற்று. மூன்று மாதம் என்று போடுங்கள்.